பாலைவன கிரானைட் ஏற்றம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

போல்ட் (கயிற்றை மாட்டுவதற்கான உலோகத் தண்டு) அடித்த கிரானைட் பாறை, ஒரே கயிற்று நீளத்தில் முடிந்துவிடும் ரூட் (ஏறும் பாதை), சுற்றிலும் பாலைவனம். பார்க்க எளிமையான ஏற்பாடுதான். ஆனாலும் உள்ளரங்கச் சுவரிலும் சுண்ணாம்புப் பாறையிலும் சரளமாக ஏறுகிறவர்கள்கூட இங்கே வந்ததும் திணறுவார்கள். திணறும்போது பெரும்பாலும் தவறான இடத்தைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். கை வழுக்குகிறது என்று பவுடரை அள்ளிப் பூசுவார்கள், கோளாறு காலில் இருக்கும். கயிறு கனக்கிறது என்று பிலேயரை, அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவரை, திட்டுவார்கள், கோளாறு எப்போதோ தாண்டி வந்த இரண்டாவது போல்ட்டில் இருக்கும். அறிகுறி தெரிகிற இடம் ஒன்று, காரணம் உட்கார்ந்திருக்கிற இடம் வேறொன்று. அந்த இடம் அநேகமாக உங்களுக்குக் கீழேதான் இருக்கும். அதனால் கீழே சொல்லியிருக்கும் எல்லாச் சோதனைகளும் தரையிலிருந்து மேல்நோக்கிப் போகின்றன.

முடிச்சு, பிலே, முன்னேறி ஏறுவது (கயிற்றை போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே முதலில் ஏறுவது) ஆகியவற்றை ஒருவரிடம் நேரில் கற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அடிப்படையைப் படித்துக் கற்க முடியாது.

கால் நழுவுகிறது

அதிகம் கேட்கிற புகார் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

முதலில் ஷூவின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பாலைவனத்தில் பாறையடி முழுக்கச் சிதைந்த கிரானைட் பருமணல் கிடக்கும். கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற, பிடிமானம் போன குவார்ட்ஸ் மணிகள் உதிர்ந்து கீழே சேர்கின்றன. ஷூ போட்டுக்கொண்டு அதில் நாலு அடி நடந்தால் போதும், ரப்பருக்கும் பாறைக்கும் நடுவே உருளைகள் வைத்த மாதிரி ஆகிவிடும். பாறையடியில் ஒரு சிறிய துணியோ கயிற்றுப் பையின் விரிப்போ போட்டு, அதன் மேல் நின்று ஷூ மாட்டுங்கள். அடியில் கொஞ்சம் எச்சில் தொட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். முதலில் சாம்பல் நிற அழுக்கு கையில் வரும், அப்புறம் ரப்பர் கறுத்து, கை கீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும் வரை தேய்க்க வேண்டும். பாறையில் காலை வைத்துவிட்டால் மறுபடி தரையில் இறங்கி நிற்கக் கூடாது. இறங்கினால் மறுபடி தேய்க்க வேண்டும்.

ஷூ சுத்தமாக இருந்தும் நழுவுகிறதா? அடுத்து குதிகாலைப் பாருங்கள். சாய்ந்த வழுவழுப்பான பரப்பில், அதாவது ஸ்லாப்பில், பிடிக்க வெடிப்பே இருக்காது. ரப்பரின் உராய்வை மட்டும் நம்பி நிற்கிறோம். பயம் வந்ததும் உடல் பாறையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது எடை கால்விரலின் நுனிக்குப் போய், பாறையைத் தொடும் ரப்பர் பரப்பு குறைந்துவிடும். குதிகாலை இறக்குங்கள், இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி நேராகக் காலுக்கு மேல் கொண்டு வாருங்கள். முதல்முறை செய்யும்போது விழப் போகிறோம் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த நிலையில்தான் கால் ஒட்டும்.

மூன்றாவது, அடியின் நீளம். ஸ்லாப்பில் ஒரு பெரிய எட்டு வைப்பதைவிட மூன்று சின்ன எட்டு நல்லது. பெரிய எட்டு வைக்கும்போது கீழ்க்காலை உந்த வேண்டியிருக்கும், அந்த உந்தல்தான் அதை நழுவச் செய்யும். பாறையை அருகில் குனிந்து பாருங்கள். தூரத்திலிருந்து ஒரே சாம்பல் பரப்பாகத் தெரிந்தது பக்கத்தில் வேறாக இருக்கும்: வெளிர் ஃபெல்ஸ்பார் படிகம் ஒன்று சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு, அதைச் சுற்றிக் கறுப்பு மைக்காத் துணுக்குகள், நடுவே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ். அந்தத் துருத்தல்தான் உங்கள் படி. கண் அதில் நிலைத்த பிறகு கால் போகட்டும், கால் அங்கே உட்கார்ந்து எடை ஏறும் வரை கண் விலகக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் காலையில் ஒட்டிய அதே இடம் மதியம் ஒட்டவில்லை என்றால், காரணம் வெயில். ஏறும் ஷூவின் ரப்பர் சூட்டில் இளகி, சின்ன விளிம்புகளில் மடங்கிச் சுருளும். குளிர்ச்சியான பாறையில்தான் அது நன்றாகப் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் ஏறுகிறவர்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வருவதும், நமீபியாவின் ஸ்பிட்ஸ்கோப்பேயில் அங்கத்திய குளிர்காலமான மே முதல் செப்டம்பர் வரை ஏறுவதும் உடம்பு தாங்காது என்பதால் மட்டும் அல்ல. நிழலைத் தேடிப் போங்கள். பூமியின் வடபாதியில் வடக்கு பார்த்த பாறை நிழலில் இருக்கும், ஸ்பிட்ஸ்கோப்பே தென்பாதியில் இருப்பதால் அங்கே தெற்கு பார்த்தது. கிழக்கு முகத்தை மதியத்துக்குப் பிறகும், மேற்கு முகத்தைக் காலையிலும் ஏறலாம். மேற்கு முகத்தை "வெயில் சாய்ந்ததும் ஏறலாம்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் விட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். பாறையில் கறுத்துப் பளபளக்கும் திட்டுகள் தெரிந்தால் அங்கே காலை யோசித்து வையுங்கள். மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளும் களிமண்ணும் நீண்ட காலமாகப் படிந்து உண்டான மெல்லிய பூச்சு அது. சில இடங்களில் மற்றப் பரப்பைவிட வழுக்கும்.

கை வழுக்குகிறது

இதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷம், அதனால் முதலில் எது என்று பார்க்க வேண்டும்.

விரல்நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் வியர்வை. சாக் பவுடர், அதாவது மக்னீசியம் கார்பனேட், மெல்லிய பூச்சாகப் போட்டு, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஏறுங்கள். கனமாகப் பூசினால் பொடியே வழுக்கும். பிடிகளில் ஏற்கெனவே பொடி அப்பியிருந்தால் மென்மையான தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

விரல்நுனி காய்ந்து, கெட்டியாக, பளிங்கு போல வழவழப்பாக இருந்தால் பிரச்சினை எதிர்ப்பக்கம். பாலைவனத்தின் வறண்ட காற்றிலும் குளிர்ந்த காலையிலும் இது சாதாரணம். தோலில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது பாறையின் மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்கும். இந்த நிலையில் பவுடர் போடப் போட மோசமாகும். விரல்நுனியில் மூச்சை ஊதுங்கள், ஈரத் துணியை லேசாகத் தொடுங்கள். காய்த்துப்போன மேல்தோலை நைசான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இரவில் படுக்கும்போது கைக்குக் களிம்பு தடவுவது நீண்ட நாள் பயணத்தில் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

இரண்டும் இல்லை, ஆனாலும் கை கழன்றுபோகிறது, முன்கை கல்லாக இறுகிவிட்டது என்றால் மேலே போய் முந்தைய பகுதியைப் படியுங்கள். ஸ்லாப்பில் முன்கை இறுகுவதற்கு ஒரே காரணம்தான்: காலை நம்பாமல் கையால் தொங்குகிறீர்கள்.

கால் தையல் மிஷின் ஊசி மாதிரி நடுங்குகிறது

கெண்டைக்கால் களைத்துப்போய், குதிகால் தூக்கியிருக்கும்போது வருகிற நடுக்கம் இது. குதிகாலை இறக்கி, முழங்காலை நேராக்கி, எடையை எலும்பின் மேல் ஏற்றுங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். பத்து விநாடியில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மற்றக் காலுக்கு மாறுங்கள். நடுங்குகிற காலை வைத்துக்கொண்டு கிளிப் செய்ய, அதாவது போல்ட்டில் மாட்ட, கயிற்றை இழுக்கக் கூடாது.

அடுத்த போல்ட் எங்கே என்று தெரியவில்லை

பாலைவன கிரானைட்டில் பல பழைய ரூட்டுகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போல்ட் அடிக்கப்பட்டவை. துளை போடுகிறவர் கையில் சுத்தியும் உளியும் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டு நிற்கக்கூடிய இடத்தில் நின்றுதான் அடித்திருப்பார். இதைப் புரிந்துகொண்டால் போல்ட்டைத் தேடுவது எளிதாகிவிடும். "எந்த இடம் கடினமோ அங்கே இருக்கும்" என்று தேடாதீர்கள், "எங்கே நிற்க முடியுமோ அங்கே இருக்கும்" என்று தேடுங்கள். சின்னத் திட்டு, பள்ளம், சாய்வு குறைகிற இடம் என்று கண்ணை ஓட்டினால் அதற்குச் சற்று மேலே ஹேங்கர், அதாவது போல்ட்டில் பொருத்திய தகடு, தெரியும். இதே காரணத்தால்தான் இரண்டு போல்ட்டுக்கு இடையே தூரமும் அதிகமாக இருக்கும். கிரேடை (கடின அளவை) பார்த்து ரூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளரங்கில் ஏறும் கிரேடுக்கு நன்றாகக் கீழே ஒன்றில் தொடங்குவதுதான் என் யோசனை.

பாறையின் நிறத்திலேயே வண்ணம் அடித்த ஹேங்கர்களும் உண்டு. நேராகப் பார்த்தால் தெரியாது, தரையிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் அதன் நிழல் காட்டிக்கொடுக்கும். ஏறத் தொடங்கும் முன்பே கீழிருந்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு ஒன்றிரண்டு டிரா (இரு முனையிலும் கொக்கி உள்ள குட்டைப் பட்டை) கூடுதலாக ஹார்னெஸில் (இடுப்பில் கட்டும் பட்டையில்) போகட்டும்.

ஹேங்கர் கையோடு சுற்றுகிறது

சுற்றுவது எது என்று பாருங்கள். தகடு மட்டும் சுற்றி, போல்ட் அசையாமல் இருந்தால் அநேகமாக நட்டு தளர்ந்திருக்கிறது. விரலால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, டிராவை மாட்டி மேலே போகலாம். இறங்கி வரும்போது ஸ்பேனரால் சரிசெய்யலாம். 10 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 17 மி.மீ. ஸ்பேனர், 12 மி.மீ. போல்ட்டுக்கு 19. ஆத்திரத்தோடு முறுக்கக் கூடாது, அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு உள்ளேயே முறிந்துவிடும்.

நட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றினாலோ, வெளியே இழுத்தால் அது கொஞ்சமாவது வந்தாலோ, சுற்றியுள்ள பாறையில் விரிசல் ஓடியிருந்தாலோ அந்த போல்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் போல்ட்டை நம்பி அடுத்ததுக்கு ஏற முடியுமா, விழுந்தால் எங்கே போய் நிற்பீர்கள் என்று யோசியுங்கள். பதில் தரை அல்லது திட்டு என்றால் இறங்கிவிடுங்கள்.

மெல்லிய போல்ட் என்றால் இன்னும் கவனம். அமெரிக்கப் பாலைவனப் பாறைகளில் கையால் துளையிட்டு அடித்த பழைய கால் அங்குல போல்ட்டுகள் பல இடங்களில் இருந்தன. தன்னார்வலர்கள் மாற்றிக்கொண்டே வருகிறார்கள், ஆனாலும் இன்னும் எதிர்ப்படலாம். தலை சுண்டுவிரலைவிடச் சின்னதாக, ஹேங்கர் துருவேறி இருந்தால் அதன் மேல் விழுந்து சோதிக்க வேண்டாம்.

தட்டினால் பாறை பொள்ளென்று ஒலிக்கிறது

கிரானைட் வெங்காயத் தோல் உரிவதைப் போலத் தகடு தகடாகப் பிரியும் இயல்புடையது. பெரிய பிடியைக் கண்டதும் ஆசையாக இழுக்காமல், முதலில் உள்ளங்கையால் தட்டுங்கள். திடமான பாறை மந்தமாக, கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிரிந்த தகடு அதிரும், ஒலிக்கும். அதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள், வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். பிலேயரை ஓரமாக நகரச் சொல்லுங்கள். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை.

மேலே போகப் போகக் கயிறு கனக்கிறது

கடைசி சில மீட்டரில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தால், மேலே தேடாதீர்கள். கயிறு எந்த வழியாக வந்திருக்கிறது என்று திரும்பிக் கீழே பாருங்கள்.

பிலேயர் கயிறு கொடுக்காமல் இருக்கிறாரா? ஒரு குரலில் தீர்ந்துவிடும். இல்லை என்றால் கயிறு எங்கோ வளைகிறது. உருண்டைப் பாறைகளைச் சுற்றிப் போகும் ரூட்டில் முதல் இரண்டு போல்ட்டும் ஒரு பக்கமும் மீதி மறுபக்கமும் இருப்பது சகஜம். கயிறு அங்கே கூர்மையாகத் திரும்பும்போது, டிராவின் கொக்கியான காரபினரில் உண்டாகும் உராய்வு மேலே வரும்போது பெருகிவிடும். இதைத் தரையிலேயே கண்டுபிடித்து, அந்தத் திருப்பத்தில் இருக்கும் போல்ட்டுக்கு 12 செ.மீ. டிராவுக்குப் பதில் 60 செ.மீ. ஸ்லிங் (துணிப்பட்டை வளையம்) போட்டு நீட்டியிருக்க வேண்டும். நீட்டினால் விழும் தூரம் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் போல்ட்டில் நீட்டுவது ஆபத்து.

இப்போது மேலே நிற்கிறீர்கள், ஒன்றும் நீட்டவில்லை. நல்ல நிலையில் நின்றுகொண்டு, கயிற்றைக் கையால் இரண்டு இழுப்பு மேலே இழுத்து, அந்தத் தளர்வைப் பயன்படுத்தி இரண்டு அடி ஏறுங்கள். மறுபடி நின்று இழுங்கள். தளர்வு இருக்கும்போது விழுந்தால் அதிக தூரம் போவீர்கள், அதனால் எளிதான இடத்தில் மட்டும் இப்படிச் செய்யலாம்.

திடீரென்று, ஒரே ஒரு கிளிப்புக்குப் பிறகு கயிறு முழுக்க இறுகிவிட்டால் அது வேறு கோளாறு. போல்ட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், கீழ் டிராவுக்கும் கீழே இருந்து கயிற்றை எடுத்து மேல் டிராவில் போட்டிருப்பீர்கள். கயிறு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போகும். கீழ் டிராவிலிருந்து கயிற்றைக் கழற்றுங்கள், இப்போது மேல் டிரா உங்களைப் பிடித்திருக்கும். பிறகு பிலேயரிடமிருந்து வரும் பக்கத்தைக் கீழ் டிராவில் போடுங்கள். இதைத் தவிர்க்க ஒரே பழக்கம் போதும்: எப்போதும் உங்கள் முடிச்சுக்குப் பக்கத்திலிருந்தே கயிற்றை எடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: கயிறு பாறைப் பக்கத்திலிருந்து காரபினருக்குள் வந்து, உங்கள் பக்கமாக வெளியேற வேண்டும். மாறியிருந்தால், விழும்போது கயிறு காரபினரின் திறக்கும் பக்கமான கேட்டை அழுத்திக் கழன்றுகொள்ள வாய்ப்புண்டு. பார்த்த உடனே எடுத்துத் திருப்பிப் போடுங்கள்.

விழும்போது குப்புறக் கவிழ்கிறேன், முட்டி கிழிகிறது

கயிறு காலுக்குப் பின்னால் போயிருந்ததா என்று முதலில் கேளுங்கள். கயிறு காலுக்கும் பாறைக்கும் நடுவில் போவதில் தவறில்லை, ஆனால் கயிறு தொடைக்குப் பின்னால் சுற்றியிருந்தால் விழும்போது அது காலை வாரித் தலைகீழாக்கிவிடும். ஒவ்வொரு கிளிப்புக்குப் பிறகும் குனிந்து பாருங்கள்.

ஸ்லாப்பில் விழுவது பறப்பதல்ல, சறுக்குவது. வயிற்றைப் பாறையில் ஒட்டினால் தோல் போகும். முழங்காலை மடக்கி, காலை அகட்டி, பாதத்தில் நின்றபடியே சறுக்குங்கள். டிராவையோ போல்ட்டையோ பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். ஹேங்கரில் விரல் மாட்டினால் விரல் போய்விடும்.

பிலேயர் இழுபடுகிறார், அல்லது பிலே கருவி சரியாகப் பிடிக்கவில்லை

உருளும் மணலில் நின்று, பாறையிலிருந்து தள்ளி பிலே செய்தால், விழுகிறவர் இழுத்து பிலேயரைப் பாறையில் மோதவைப்பார். முதல் போல்ட்டுக்குப் பக்கத்தில், நேர் கீழே இல்லாமல் சற்று ஓரமாக, கல் இல்லாத சம தரையில் நிற்க வேண்டும். ஏறுபவர் நன்றாக எடை கூடியவர் என்றால் முதல் போல்ட்டில் மாட்டும் உராய்வுக் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது பிலேயரைப் பாறையடியில் கட்டி நிறுத்துங்கள்.

கருவி, இழுப்பு வந்தால் கயிற்றைத் தானே பிடிக்க உதவும் வகையாக இருந்து, கயிற்றைச் சுளீரென்று இழுத்துச் சோதித்தால் தாமதமாகப் பிடிக்கிறது என்றால், உள்ளே மணல். தூரிகையால் துடைத்து, ஊதி எடுங்கள். மறுபடி சோதித்து, அப்போதும் தடுமாறினால் அன்று வேறு கருவி. எந்தக் கருவியாக இருந்தாலும் பிலேயரின் கை, பிரேக் கயிற்றை, அதாவது கருவியிலிருந்து ஏறுபவருக்குப் போகாத பக்கத்தை, விடக் கூடாது. மணல் ஏறிய கயிறு அலுமினியத்தைத் தேய்த்து, காரபினரில் பள்ளம் போடும், பள்ளத்தின் விளிம்பு கத்தியாகிவிடும். விரலால் தடவும்போது கூர்மை பட்டால் அந்தக் காரபினரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இறக்கும்போது கருவி தொட முடியாதபடி சுடுகிறதா? மெதுவாக இறக்குங்கள். கயிறு நைலான், அதன் உருகுநிலை சுமார் 220 டிகிரி செல்சியஸ்தான். வெயிலில் கிடந்த கருவி ஏற்கெனவே சூட்டோடு தொடங்குகிறது.

மேலே இருப்பவர் சொல்வது கேட்கவில்லை

திறந்த வெளியில் காற்று குரலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மோசமான விபத்துகள் இங்கேதான் பிறக்கின்றன. ஆங்கரில், அதாவது ரூட்டின் உச்சியில் கயிற்றைக் கோக்கும் இடத்தில், போய்ச் சேர்ந்தவர் "ஆச்சு" என்கிறார். கீழே இருப்பவர், அவர் தானே கயிற்றில் இறங்கிக்கொள்வார் என்று நினைத்து பிலேயைக் கழற்றுகிறார். மேலே இருப்பவர், தன்னை இறக்குவார்கள் என்று நம்பிச் சாய்கிறார்.

இதற்கான தீர்வு முழுக்கத் தரையில் இருக்கிறது. கிளம்பும் முன், முடிச்சையும் கருவியையும் மாற்றி மாற்றிச் சோதிக்கும் நேரத்திலேயே, ஒரு கேள்வி: "மேலே போனதும் நான் இறக்கவா, நீங்களே இறங்குவீர்களா?" பதில் வாயால் வர வேண்டும், தலையாட்டல் போதாது. ஒரே கயிற்று நீள ரூட்டில் பெரும்பாலும் "நீ இறக்கு"தான் சரியான பதில், அப்போது பிலேயர் எந்தச் சத்தம் கேட்டாலும் கருவியைக் கழற்றுவதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பக்கத்து ரூட்டில் இருப்பவர் குரலுக்கு உங்கள் பிலேயர் பதில் சொல்லிவிடக் கூடாது. சாய்வதற்கு முன், கயிறு இறுகி உங்கள் எடையைத் தாங்குவதை உணர்ந்த பிறகுதான் உங்களைக் கட்டியிருக்கும் ஸ்லிங்கைக் கழற்ற வேண்டும்.

நடு அடையாளம் கருவியைத் தாண்டிவிட்டது, அவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்

இதை மட்டும் பிலேயர்தான் கவனிக்க முடியும். கயிற்றின் நடுவே இருக்கும் அடையாளம் கருவி வழியாக மேலே போனால், பாதிக்கு மேல் கயிறு போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் திரும்பித் தரைவரை இறக்கக் கயிறு போதாது. உடனே சத்தமாகச் சொல்லி நிறுத்துங்கள். 60 மீட்டர் கயிற்றால் 30 மீட்டர் ரூட்டைத்தான் இறக்க முடியும். புதிய ரூட்டுகள் பல 35 மீட்டர், அதற்கு 70 வேண்டும். கயிறு பழகப் பழகச் சுருங்கவும் செய்யும், நுனியை வெட்டியிருந்தால் நடு அடையாளமும் பொய் சொல்லும்.

கயிற்றின் கீழ்நுனியில் முடிச்சு இருந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை, யோசிக்க நேரம் கிடைக்கும். பிலேயர் பக்கத்தில் இருக்கும் உயரமான கல்லுக்கு ஏறினாலே சில சமயம் போதும். இல்லை என்றால் ஏறியவர் ஆங்கரில் தன்னைக் கட்டிக்கொண்டு, இரண்டாவது கயிற்றை மேலே இழுத்து, இரண்டையும் இணைத்து இறங்கலாம். அந்த வேலை தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டியது இது. முடிச்சு இல்லை என்றால், ஏறியவர் இறங்க ஆரம்பிப்பதற்கு முன்பே இப்போதாவது போடுங்கள்.

ஆங்கரில் துணி ஸ்லிங் மட்டும் தொங்குகிறது

நிறம் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் அதை நம்பக் கூடாது. பாலைவன வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானைச் சீரழிக்கும், பார்வைக்கு முழுசாக இருக்கும்போதே பலம் போயிருக்கும். உங்கள் காரபினர் இரண்டை விட்டுவிட்டு, இரண்டு போல்ட்டிலும் தொங்கி இறங்குங்கள். காரபினரின் விலையைப் பார்க்கிற இடம் இது அல்ல. சங்கிலியும் வளையமும் இருந்தால் நல்லது. ஆனாலும் பலர் மாறி மாறி ஏறப் போகிறீர்கள் என்றால் கயிற்றை வளையத்தில் நேராக ஓடவிடாமல் உங்கள் டிராக்கள் வழியாக ஓடவிட்டு, கடைசியாக இறங்குபவர் மட்டும் வளையத்தில் கோக்கட்டும். மணல் கயிறு வளையத்தையும் அறுக்கும்.

இறங்கிய பிறகு இழுத்தால் கயிறு வரவில்லை

மறுநுனியில் போட்ட முடிச்சை அவிழ்த்தீர்களா? அதுதான் பெரும்பாலும். அவிழ்த்தும் வரவில்லை என்றால் பின்னால் போய், பக்கவாட்டில் நகர்ந்து, கோணத்தை மாற்றி இழுங்கள். வெடிப்பில் செருகிய கயிற்றின் மேல் நம்பிக்கை வைத்து ஏறிப் போவது மட்டும் கூடாது.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது

எல்லோரும் ஏறுகிறவரைக் கேட்பார்கள். நான் முதலில் பிலேயரைக் கேட்பேன். ஏறுகிறவருக்குக் காற்றாவது படும், பிலேயர் கழுத்தைத் தூக்கியபடி வெயிலில் அசையாமல் நிற்கிறார். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்று அவருக்கே தெரியாது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய ஏற்றம் முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தாகும்.

பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உடனே அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டு, காத்திருக்காமல் இருக்கிற நீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

வெடிப்பிலிருந்து ரீங்காரம் கேட்கிறது

தேனீ. ஏறாதீர்கள், ஏறியிருந்தால் சத்தமில்லாமல் இறங்குங்கள். அடுத்த பாறைக்குப் போகலாம். தரையில் கழற்றி வைத்த ஷூவையும் பையையும் உதறிவிட்டு எடுப்பது தேளுக்காக.

மழை பெய்துவிட்டது

இடி கேட்டால் இறங்கி, பாறையின் உச்சியையும் தனி மரத்தையும் விட்டு விலகி, வறண்ட ஓடைப் படுகையிலிருந்தும் வெளியேறுங்கள். மழை கண்ணுக்கெட்டாத தூரத்தில் பெய்தாலும் அந்தப் படுகையில் வெள்ளம் வரும். மழை நின்ற பிறகு கிரானைட் சீக்கிரம் காய்ந்துவிடும், கை வைத்துப் பார்த்து ஏறலாம். மணற்பாறை அப்படி அல்ல. ஈரத்தில் அது பலமிழக்கும், மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பிடி உடையும், போல்ட் பிடுங்கும். ஜோர்டானின் வாடி ரமிலோ லாஸ் வேகாஸ் பக்கத்து ரெட் ராக்கிலோ பழகிய பொறுமையை கிரானைட்டில் தளர்த்தலாம், ஆனால் கிரானைட்டில் பழகிய அவசரத்தை அங்கே கொண்டு போகக் கூடாது.

கயிறு விறைப்பாக, நரநரவென்று இருக்கிறது

மணல் உறைக்குள் போய்விட்டது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துகளும் எடை விழும்போதெல்லாம் இழைகளை அறுத்துக்கொண்டிருக்கும். கயிற்றைத் தரையில் வைக்காமல் எப்போதும் விரிப்பில் வையுங்கள், மிதிக்காதீர்கள். வீடு வந்ததும் 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில், மென்மையான சோப்பு போட்டு, கையாலேயே அலசுங்கள். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலச வேண்டும், பாலைவனப் பயணத்துக்குப் பிறகு அதற்குப் பல வாளி ஆகும். நிழலில் தளர்வாகப் பரப்பி உலர்த்துங்கள்.

உலர்ந்த பிறகு முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிடுங்கள். ஓரிடத்தில் திடீரென்று மெத்தென்று மெலிந்திருந்தாலோ, மடக்கினால் வளைவு வட்டமாக வராமல் ஒடிந்து தட்டையானாலோ, உறைக்குள்ளிருந்து வெள்ளை இழை எட்டிப் பார்த்தாலோ அந்த இடம் போய்விட்டது. நுனிக்குப் பக்கத்தில் என்றால் வெட்டி எடுத்து, புதிய நீளத்தை அளந்து, நடு அடையாளத்தை மாற்றிக் குறியுங்கள். நடுவில் என்றால் அந்தக் கயிற்றில் இனி ஏற வேண்டாம்.